என்னை டுக்டிக் என்று சொல்லாதீர்கள்

நவம்பர் 11

"மார்கித், டுக்டிக்னா நல்லவங்களா, கெட்டிக்காரங்களா?" என்று, வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் மொழியைப் படித்த மாணவி ஒருத்தி, நான் ஆசிரியையாக இருந்தபோது வகுப்பில் கேட்டாள். கஞ்சியை மிச்சம் வைக்காத குழந்தை டுக்டிக், பல் மருத்துவரிடம் அழாதவன் டுக்டிக், உட்காரச் சொன்னதும் உட்காரும் நாயும் டுக்டிக் என்றேன். வகுப்பே சிரித்தது.

நாளை நகராட்சியிலிருந்து யோன்னா வருகிறாள். என் கணவர் ஹோல்கெருக்கு முதியோர் இல்லத்தில் இடம் உண்டா என்று அவள்தான் முடிவு செய்வாள். அவருக்கு மறதி நோய். நேற்று வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப் போய்விட்டார். என் முதுகு இனித் தாங்காது.

ஜன்னல்களைத் துடைத்தேன். விருந்தாளி வந்தால் வைக்கும் எங்கள் வழக்கப்படி ஏழு வகை பிஸ்கட் சுட்டேன்.

நவம்பர் 12

இஸ்திரி போட்ட சட்டையில் ஹோல்கெர் மாப்பிள்ளை போல இருந்தார். "குளிர்ல வந்திருக்கீங்க, காபி குடிங்க" என்று அவரே உபசரித்தார்! எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று யோன்னா கேட்டாள். ஏதோ ஓடுது என்றேன்.

"ஏழு வகையா! எவ்ளோ டுக்டிக் நீங்க!"

எனக்கு உச்சி குளிர்ந்தது.

நவம்பர் 27

நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இடம் இல்லையாம். மனைவி வீட்டிலேயே நன்றாகக் கவனித்துக்கொள்கிறாராம்.

மகள் இல்வா போனில் கத்தினாள். "பிஸ்கட் சுட்டியாம்மா?"

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு வெறும் மேஜையையா காட்டுறது?"

"நீ விழுந்து கிடந்தாக்கூட தரையைத் துடைச்சுட்டுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவ!"

போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி — அதனால்தான் இன்னும் எரிகிறது.

டிசம்பர் 3

ஹோல்கெர் குளியலறையில் விழுந்தார். என்னால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அர்விட் வந்து தூக்கினான். தூக்கிவிட்டு, "தனியா எல்லாத்தையும் பாக்குற. நீ டுக்டிக், மார்கித்" என்றான்.

"இன்னொரு தடவை அதைச் சொன்னா காபிக் கெண்டியாலயே அடிப்பேன்!"

"வேற என்னதான் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. சனிக்கிழமை வந்து அவரோட உக்காரு."

என்ன வார்த்தை இது? கணவனைப் புதைத்த மறுவாரமே வேலைக்குப் போனவளுக்கு இதைச் சொல்கிறோம். முதுகு ஒடிந்தவளுக்கும் சொல்கிறோம். சொல்லிவிட்டால் போதும், அவள் சுமையில் நமக்குப் பங்கில்லை. சீ! நன்றாக முதுகைத் தட்டிக்கொடுத்து இன்னொரு மூட்டையை ஏற்றுகிறோம்.

டிசம்பர் 15

மறுபடி விண்ணப்பித்ததில் யோன்னா வந்தாள். தரையைத் துடைக்கவில்லை. காபி வைக்கவில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல் துடித்தது, தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"முடியல."

"ஆனா போன தடவை..."

"முடியல யோன்னா. அன்னிக்கும் முடியல."

அவள் கோட்டைக் கழற்றினாள். "முதல்லேருந்து சொல்லுங்க."

ஜனவரி 20

இல்லத்தில் ஹோல்கெருடைய ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் தெரிகிறது. அவர் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாளாக அந்தக் கையைத் தாங்கத்தான் செய்தேன், இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்து, தட்டுகளைக் கழுவாமல் படுத்துவிட்டேன்.

இதைப் படிக்கும் நீ, யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், ஒரே ஒரு தடவை உள்ளதை அப்படியே சொல்லிப் பார்.