கரப்பான் டாக்டருக்கு

இன்று காலை எங்கள் பூச்சோங் அடுக்குமாடியில் கொசுப் புகை அடித்தார்கள். எதிர் பிளாக்கில் யாருக்கோ டெங்கி என்று நேற்றே வாட்சப்பில் அறிவிப்பு வந்திருந்தது. டீசலும் மருந்தும் கலந்த அந்த வெள்ளைப் புகை படிக்கட்டு வழியாக ஏறி, சாத்தியிருந்த கதவுக்கு அடியில் நுழைந்து, சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்டி இருமிக்கொண்டே, "எத்தன தடவ அடிச்சாலும் கொசு சாகாது லா, நாமதான் சாகணும்" என்றார். சிரித்தேன். ஆனால் என் கண் புகைக்காரர் முகத்தில் மாஸ்க் இருக்கிறதா என்றுதான் தேடியது. இருந்தது. உன்னோடு பழகியவர்களுக்கு இந்தப் புத்தி தானாக வந்துவிடும்.

உனக்கு எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நேராகச் சொல்ல எனக்கு எப்போது வந்தது? சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைக்கு மேலே நாம் வாடகைக்கு இருந்த அறை நினைவிருக்கிறதா? மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஒரு நாள் குளியலறையிலிருந்து கரப்பான் ஒன்று ஓடிவர, நீ கட்டிலின் மேல் ஏறி நின்று அலறினாய். பகல் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் தொட்டி தொட்டியாகக் கரப்பான் வளர்த்து, ஆப்பிள் நறுக்கிப் போட்டு, தண்ணீர் வைப்பவள் நீ. இதைச் சொல்லிச் சிரித்தேன். "அது நம்ம புள்ளைங்க. இது யாரு பெத்ததோ! அடிச்சுத் தொலைடி" என்றாய்.

நம் வேலையை வெளியாருக்கு விளக்குவது எப்போதுமே கஷ்டமாக இருந்தது. கரப்பானைப் பனிக்கட்டியில் வைத்து மயங்கச் செய்வோம். அதன் அடிவயிற்று நரம்பு முடிச்சை உப்புநீரில் கிடத்தி, மயிரிழைக் கம்பிகளைச் சேர்த்து, வரும் சைகையை ஒலிபெருக்கியில் கேட்போம். வாலில் இருக்கும் மெல்லிய ரோமத்தின் மேல் காற்றை ஊதினால் 'படபட'வென்று ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கும். மருந்து ஒரு சொட்டு விட்ட பிறகு ஊதினால் அடங்காது. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதுபோல் கொட்டிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரேயடியாக நின்றுபோகும். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்ல ஓர் இரசாயனத்தை விடுகிறது. செய்தி சேர்ந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. சில பூச்சி மருந்துகள் அந்த நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. சொன்ன செய்தியே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் யார்தான் தாங்குவார்கள்? ஒவ்வொரு முறை கத்தரியை எடுக்கும்போதும் நீ அந்தப் பூச்சியிடம் முணுமுணுப்பாய்: "சாரி லா."

உன் அப்பாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. கிள்ளானில் துறைமுகத்துக்கு லோரி ஓட்டி உன்னைப் படிக்கவைத்தவர் அவர். மகள் டாக்டராவாள் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நீ இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. முதன்முதலாக நான் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, என்னை வாசலில் நிற்கவைத்துக்கொண்டே கேட்டார்: "நீயும் கரப்பான் டாக்டர்தானா மா? ரெண்டு பேரும் சேந்து க்ளினிக் போடுங்க. கூட்டம் தாங்காது." நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாய். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் உன் அம்மா, நம் ஆன்டி வழியாகத்தான். "அப்பாவுக்குச் சட்ட வேணுமான்னு கேளுங்கம்மா." "உன் மகள சாப்பிடச் சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது. நீயும் நானும் ஆன்டியும் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தோம். உன் அப்பா வரவில்லை, வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த வெண்டைக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்க வேண்டும் என்று தங்கிவிட்டார். நாம் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துக்கொண்டிருக்கும்போது பின்கதவைப் பிடித்தபடி உள்ளே வந்தார். முதுகில் மாட்டும் பம்பு ஒழுகி, சட்டை பூராவும் ஈரம். முகத்தில் வேர்வை வழிந்தது. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்காருவதற்குள் வாந்தியெடுத்தார்.

"வெயில்ல நின்னாரு, அதான்" என்று ஆன்டி தண்ணீர் எடுக்க ஓடினார். நீ அவர் எதிரில் மண்டியிட்டு முகத்தைத் தூக்கிப் பார்த்தாய். கண்மணி இரண்டும் கடுகுபோல் சுருங்கியிருந்தன. கைச்சதை தோலுக்கு அடியில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் நாம் கேட்டுவந்த அந்தச் சத்தத்தை இப்போது உன் அப்பாவின் உடம்பில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன மருந்துப்பா அடிச்சீங்க?" மாதக்கணக்குக்குப் பிறகு நீ அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எஸ்டேட்டுக் கூட்டாளி... குடுத்தான்" என்றார். மூச்சு இழுத்தது.

"சட்டையக் கழட்டுங்க! அம்மா, சோப்பு! கைக்கு ப்ளாஸ்டிக் பை மாட்டிக்கங்க, வெறுங்கையால தொடாதீங்க!" வாசலில் உட்காரவைத்து, கார் கழுவும் குழாயைப் பிடித்து, அக்கம்பக்கத்தார் பார்க்கப் பார்க்க உன் அப்பாவைக் குளிப்பாட்டினாய். நான் பின்பக்கம் ஓடி மருந்து இருந்த புட்டியைத் தேடினேன். பழைய சாஸ் புட்டி, லேபிள் கிடையாது. பூண்டு அழுகினாற்போல் ஒரு வாடை. இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நம் வயதுதான் இருப்பார். நீ அவரிடம் அழவில்லை, கத்தவில்லை. என்ன அடித்தார், எவ்வளவு நேரம் அடித்தார், என்ன அறிகுறி, நொதியைத் தடுக்கும் வகை மருந்தாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னாய். அவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், உடனே முறிமருந்தாக அட்ரோபின் ஏற்றச் சொன்னார். "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். "இல்ல, நான் பூச்சி ஆராய்ச்சி" என்றாய். பைக்குள் கட்டி வைத்திருந்த புட்டியை நான் அவரிடம் நீட்டினேன்.

வெளியே பெஞ்சில் ஆன்டி ஜெபம் செய்துகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து நம்மை உள்ளே விட்டார்கள். அங்கிள் கண்ணைத் திறந்து, நாக்கால் உதட்டைத் தடவி, "வாய் காயுதே... தண்ணி" என்றார். ஆன்டி பதறிப்போய், "ஐயோ, என்னங்க ஆச்சு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நீயோ வாய்விட்டுச் சிரித்தாய். வார்டே திரும்பிப் பார்த்தது. "அழாதீங்கம்மா! வாய் காஞ்சா நல்லது. மருந்து வேல செய்யுது. அப்பா பொழச்சுட்டாரு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அவர் போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதாய். அவர் கை உன் தலையைத் தேடி வந்தது.

வீடு திரும்பிய பிறகும் அவர் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. பம்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு நரம்பு டாக்டர், பூச்சிக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் மட்டும் உன்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கரப்பானுக்கும் இப்படித்தான் இருக்குமா மா?" "தெரியலப்பா" என்றாய். அதற்குப் பிறகு மயக்கம் முழுதாகப் பிடித்ததா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்காமல் நீ கத்தரியைத் தொட்டதே இல்லை. படிப்பை முடித்த கையோடு ரவாங்கிலும் கிள்ளானிலும் தோட்டம் போடுகிறவர்களைத் தேடிப்போய், அவர்கள் பேசும் தமிழிலேயே, எந்த மருந்து உடம்பில் என்ன செய்யும் என்று பேசினாய். நமக்குத் தேவை பூச்சியின் நரம்பை மட்டும் தொடுகிற மருந்து என்று மேடைக்கு மேடை சொன்னாய். நானும் இன்னும் அதன் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. அதைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. கடைசி வாரங்களில் வலி உன்னைப் படுத்தவில்லை என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல். மார்ஃபின் கொடுத்த நர்ஸ் போனதும், "இது எங்க போயி வேல செய்யுதுன்னு எனக்குத் தெரியும்டி. அதனாலயே பாதி வலி போயிடுது" என்றாய். உன் அப்பா கட்டிலைவிட்டு நகரவே இல்லை. நீ மீட்டுக்கொண்டுவந்த அந்த வருடங்களையெல்லாம் அவர் உனக்கே செலவழித்தார்.

இப்போது செய்திக்கு வருகிறேன். நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நான் கிள்ளானுக்குப் போகிறேன். சில வாரங்களுக்கு முன் ஆன்டி என்னைத் தனியாக அழைத்து, "அங்கிளுக்குக் கை ஆடுது மா. பாட்டுப் புஸ்தகத்தப் பிடிக்க முடியல" என்றார். பழைய விஷம் நரம்பில் எதையோ விட்டுவைத்துப் போயிருக்கிறதோ, இல்லை நடுக்குவாதமோ என்று எதையெதையோ நினைத்தேன். நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். கோடெல்லாம் அலை அலையாக வந்தது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றார் அங்கிள்.

"மூச்சிழுப்புக்குக் குடுத்தது, அங்கிள்?" என்றேன்.

"அதெல்லாம் மருந்தா? பழைய மாத்திரையும் போடுறேன், இப்பக் குடுத்த பம்பையும் வாயில வச்சு இழுக்கிறேன். ரெண்டும் சேந்தா சீக்கிரம் விடும்ல?"

மருத்துவர் சிரித்துவிட்டார். நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, இரண்டு மருந்தும் சேர்ந்துதான் கையை ஆட்டுகிறது என்று சொல்லி, பழைய மாத்திரையை நிறுத்தினார். முந்தாநாள் மறுபடி போனோம். அங்கிள் வரைந்த சுருள் நத்தை ஓடுபோல் வழவழவென்று வந்தது.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான ஜாம். வண்டி நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்னை அறியாமல் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்: "ஒண்ணும் இல்லடி. ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காரு."

அங்கிள் திரும்பிப் பார்த்தார். "யாருகிட்டம்மா பேசுற?"

"உங்க பொண்ணுகிட்டதான், அங்கிள்."

அவர் முன்னால் நின்ற லோரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லு, சொல்லு" என்றார். "அவளும் பயந்துகிட்டு இருந்திருப்பா."