ஐந்தில் ஓடும் ஃபேன்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எனக்கு மட்டும் குளிர். ஃபேனை ஒன்றில் வைத்தேன். அறைத்தோழி மாரி எழுந்து ஐந்துக்குத் திருப்பினாள்.

"ஏட்டி, ஒரகடத்து வெயில்ல ஸ்வெட்டர் போடுத ஒரே ஆளு நீதான்."

குரலில் சிரிப்பு இல்லை. மேல்மாடி அறை கேட்டிருக்கிறாளாம். ஹாஸ்டல் வார்டன் சொல்லித்தான் தெரியும்.

போன வருடம் ஃபேனுக்கு நேர்கீழே படுக்க நான்தான் சண்டை போடுவேன். கடைசியில் இருவரும் ஒரே பாயில். ஈர முடி தரையெல்லாம். பேச்சு, பேச்சு.

ஜூன் 11, புதன்

கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கும்போதே கண் சொக்கியது. சூப்பர்வைசர்: "இன்னாமா, நின்னுகினே தூங்குறியா?" எல்லோரும் பார்த்தார்கள். மாரிதான் கையைப் பிடித்து கம்பெனி கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா: "தைராய்டு மாத்திரை ஒழுங்கா போடுறியா?"

"காலையில வெறும் வயித்துலன்னு சொன்னீங்க மேடம். நைட் ஷிஃப்ட் வாரம் விடிஞ்சதும் கேன்டீன்ல டிபன் சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுவோம். அதனால அந்த வாரம் போடுறதில்ல."

நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நீ எப்ப தூங்கி எழுறியோ அதான் உனக்குக் காலை. சாயந்திரமா இருந்தாலும் சரி. சும்மா படுத்துக் கெடந்தாலும் உடம்பு உள்ள எரிஞ்சிட்டேதான் இருக்கும்மா. மூச்சு, நெஞ்சுத்துடிப்பு, சூடு எல்லாம் அதுலதான். தைராய்டு சுரக்கிறது கம்மியானா அதுவும் தணிஞ்சிடும். அதான் இந்தக் குளிரு, தூக்கம், எடை."

வெளியே வந்ததும் மாரி: "வேணும்னே நீ ஃபேனக் கொறைக்கன்னுல்லா நெனச்சேன். ஏன்ட்டி சொல்லல?"

கல்யாணப் பேச்சு கெடும், யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். மாரி 'யாரோ' இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

லேசான தூறல். வாங்க வேண்டியவை: சோப்பு, ஹேர்பின், மாத்திரை. குணம் தெரிய சில வாரம் ஆகுமாம். தூங்கி எழும் நேரத்துக்கு மாரியே என் செல்லில் அலாரம் வைத்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

மாரி மேல்மாடி அறைக்குப் போய்விட்டாள். இங்கேயே இருக்கிறேன் என்று வார்டனிடம் கேட்டுப் பார்த்தாள். அவள் கட்டிலுக்கு வேறு பெண் வருவதாக முடிவாகிவிட்டதாம், இனி மாற்ற மாட்டேன் என்றார். படியில் நின்று மாரி, "அலாரத்த அணைச்சிட்டுத் தூங்காத, என்னா?"

புதுப் பெண் பேசுவதே இல்லை. என்னைப் போல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் கழுத்தெல்லாம் வியர்வை. ஸ்வெட்டர் எங்கே என்றே தெரியவில்லை. ஃபேனை ஐந்தில் வைத்தேன். போதவில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறி மாரியின் அறைக் கதவைத் தட்டினேன். மாரி திறந்தாள்; ஃபேனுக்கு நேர்கீழே அவள் பாய்.

"தள்ளிப் படுட்டி. அது என் எடம்," என்றேன்.