பெண்பூ 380, ஆண்பூ 9

நாள் 1. 06:10
செவ்வாய்க் கோள், பூசணிக் கூடம் நான்கு. வெப்பம் 26. ஈரம் சரி. பெண்பூ 212, ஆண்பூ 640. எழுதுவது முத்துப்பேச்சி, வயது பதினாறு, எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அதிகம் பேச வராது. இதைக் கண்டெடுப்பவர் படித்துக்கொள்ளலாம்.

வெளியாட்கள் இல்லாத விளைச்சல் வேண்டுமென்று செவ்வாய்க் குடியரசு சட்டம் போட்டது. பதினெட்டு நிரம்பிய பூமித் தொழிலாளர் எல்லோரையும் நேற்றுப் பூமிக்குக் கப்பலேற்றிவிட்டார்கள், என் அம்மாவையும். தாளில் நான் தொழிலாளி இல்லையாம். எனக்கு அடுத்த கப்பல், நாள் 40.

நாள் 3. 07:00
முப்பது குடிமக்கள் வந்தார்கள். நெஞ்சில் 'நம் சோறு நம் கையில்' பேட்ஜ். கையுறை மாட்டவே ஒரு மணி நேரம் ஆனது. பூசணி மரத்தில் காய்க்கும் என்று நினைத்திருந்தவர் உணவுத்துறைத் துணைச் செயலர்.

இங்கே தேனீ கிடையாது. காய் பிடிக்க, ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண்பூவுக்குள் தடவ வேண்டும். நூறு பேர் தினமும் செய்தோம். எங்கள் கோப்பில் 'பூவோடு விளையாடி நேரம் கழிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறது.

நாள் 4. 09:40
அடியில் பிஞ்சில்லாத பூ வெறுமனே தண்ணீர் குடிக்கிறது என்று அதிகாரி ஹால்டன் கண்டுபிடித்தார். எல்லாக் கூடத்திலும் ஆண்பூவை வெட்டி விருந்து மேசைக்கு அலங்காரமாகக் கொண்டுபோனார்கள். இனி தினமும் மொட்டிலேயே கிள்ள உத்தரவு. சொல்லப் போனேன். "பாப்பா, தள்ளி நில்" என்றது மொழிபெயர்ப்புப் பெட்டி.

நாள் 22. 08:30
பெண்பூ அழுகி உதிர்கிறது. நகரத்தில் அரைப்பங்குச் சாப்பாடு. விதையில் நாங்கள் விஷம் வைத்தோமாம், செய்தியில் சொன்னார்கள்.

மூலைக் கொடியில் மட்டும் பதினொரு காய். என் வேலைதான். பெண்பூ வீணாவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கிள்ளாமல் இலைக்கடியில் ஒளித்துவைத்த ஆண்பூவால் தொட்டுவிட்டேன். ஹால்டன் காய்களைப் பார்த்துவிட்டார்.

நாள் 39. 11:15
பூமிக்குப் போகும் கப்பலிலிருந்து அம்மாவின் செய்தி: "ஏட்டி பேச்சி, நாளைக்குத்தான ஏறுத? பல்பசைய மறந்துராத. இங்க ஒருத்தியும் தரமாட்டேங்கா."
இரண்டு எடுத்துவைத்தேன்.

நாள் 40. 08:00
கப்பல் வாசலில் ஒலிபரப்பு: "பதினொரு காய்களுக்காக முத்துப்பேச்சிக்குக் குடியுரிமை வழங்கப்படுகிறது. உணவு நெருக்கடி தீரும்வரை குடிமக்கள் யாரும் கோளை விட்டு வெளியேறக் கூடாது."
கைதட்டினார்கள். பேட்ஜ் குத்தினார்கள். கப்பல் போய்விட்டது.

நாள் 41. 06:30
பெண்பூ 380, ஆண்பூ 9. முப்பது பேரும் என் கையையே பார்க்கிறார்கள். எதை எதற்குள் தடவுவது என்று ஹால்டன் கேட்கிறார். இன்று 'அம்மணி' என்கிறார். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

06:50
"கப்பல்" என்றேன். பெட்டி சரியாகத்தான் மொழிபெயர்த்தது.

09:10
என் கோரிக்கையை ஆராயக் குழு போட்டிருக்கிறார்கள். முப்பது நாளில் பதில் வருமாம்.
கிடங்கில் சாப்பாடு ஒன்பது நாளைக்கு.