சாமி வந்திருந்தாவ

ஆத்தூர்,
20.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் செல்வி எழுதுகிறேன். 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதினால் அது பாதிதான் உண்மை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. பள்ளியில் நான் இரண்டாவது. தமிழில் முதலாவது. அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தார். அதைப் பார்த்து நான் பதினொன்றாம் வகுப்பு உறுதி என்று நம்பிவிட்டேன்.

சாயங்காலம் செந்தூர்வேல் பெரியப்பா கடைக்கு வந்தார்.

"என்ன ராஜதுரை, மிட்டாயெல்லாம் பலமா இருக்கு? மூத்தவள காலேசுக்கு அனுப்புன, அவ புன்னைக்காயலுக்குப் போயிட்டா. இவள எங்கன அனுப்பப் போற?"

அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டே இருந்தார்.

"பத்து போதும்லே. வீட்டுல இருக்கட்டும்."

"சரிண்ணே" என்றார் அப்பா. அவ்வளவுதான். பருப்பு நிறுக்கிற நேரத்துக்குள் என் படிப்பு முடிந்துவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நீ அத்தானைக் கட்டிக்கொண்டதற்காக இல்லை. வேறு மதம், வேறு சாதி, கடலுக்குப் போகிறவர் என்று பெரியப்பா அடுக்குவதற்காகவும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த என்னிடம்கூடச் சொல்லாமல் போனாயே, அதற்காக.

ஜூன் பத்தாம் தேதிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஏதாவது வழி சொல்.

இதை மீன்காரச் சலேத்தக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடைக்குள் வைக்காமல் சுருக்குப்பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் போன கடிதத்தில் சாளை வாசம். அதை ஒளித்து வைத்த புத்தகப் பையைச் சுற்றிச் சுற்றி ஒரு பூனை இரண்டு நாளாகக் கத்திக்கொண்டு கிடந்தது.

உன் தங்கை,
இசக்கிசெல்வி


புன்னைக்காயல்,
23.5.2025

என் செல்விக்கு,

உன் மதிப்பெண்ணைக் கேட்டு உன் அத்தான் படகுக்காரர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "எங்கொழுந்தியா" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் ஏதோ அவர்தான் உட்கார்ந்து பரீட்சை எழுதியதுபோல இருக்கிறது.

நான் போனதற்கு நீ வீட்டில் உட்கார வேண்டும் என்பது என்ன நியாயம்? உன் கடிதத்தைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. உன் கோபம் நியாயம்தான். வைத்துக்கொள், தீர்ந்ததும் சொல்.

ஒரு யோசனை இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பங்குச்சாமி வீடு சந்திக்க வருகிறார். இங்கே பாதிரியாரைச் 'சாமி' என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் என் மாமியார், "சாமி பைக்குல போறாவ பாரு" என்றதும், நான் முருகனைத் தேடி வாசலுக்கு ஓடினேன். அதை வைத்து இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

இந்தப் பவுல் சாமி நல்லவர். பிள்ளைகள் படிப்பு விஷயத்தில் பலருக்கு உதவியிருக்கிறார். அவரிடம் உன்னைப் பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். மனம் விடாதே.

அக்கா,
முத்துக்கனி


ஆத்தூர்,
28.5.2025

அன்புள்ள அக்கா,

ஒரு பெரிய குழப்பம் நடந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் சலேத்தக்கா வந்தாள். அம்மா உன்னைப் பற்றி நேராகக் கேட்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும். மீனைப் புரட்டிக்கொண்டே, "ஒங்க ஊர்ல மழ உண்டா?" என்று கேட்பாள். அதற்கு அர்த்தம் நீ எப்படி இருக்கிறாய் என்பது. சலேத்தக்காவுக்கும் அது தெரியும்.

"மழ இல்லக்கா. ஒங்க மூத்தவளப் பாக்க நேத்து சாமி வந்திருந்தாவ."

அம்மா கையிலிருந்த மீன் கூடையிலேயே விழுந்தது. "என்னது? எம்மவளுக்குச் சாமி வந்துச்சா?"

"ஆமா. அவ அழுத அழுகையில பக்கத்து வீட்டு ஆளெல்லாம் கூடிட்டு."

"எம்மா! என்ன சொல்லிச்சு?"

"தங்கச்சி படிப்ப நிறுத்தப்பிடாது, நிறுத்துனா அது பெரிய பாவம்னு சாமி கண்டிசனா சொல்லிட்டாவ."

நம் வீட்டில் 'சாமி வந்துச்சு' என்றால் ஒரே அர்த்தம்தானே அக்கா. கோயில் கொடைத் திருவிழாவில் இசக்கியம்மை ஆள்மேல் இறங்கி, தலைவிரித்து ஆடி, வாக்குச் சொல்வது. 'வந்துச்சு' என்று அம்மா சொல்வதும் 'வந்தாவ' என்று சலேத்தக்கா சொல்வதும் வேறு வேறு சாமி என்று அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இசக்கியம்மா! அங்கன போன பெறவும் எம்பிள்ளய நீ விடலியா? நாங்கதான் விட்டுட்டோமா?"

மீன் கையோடு விளக்கேற்றப் போனவள், பாதியில் நினைவு வந்து குளிக்க ஓடினாள். சலேத்தக்கா என்னைப் பார்த்து, "ஏளா, ஒங்கம்மைக்கு மேலுக்கு முடியலையா? மீன் வேணுமா வேண்டாமா?" என்றாள்.

மத்தியானம் அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். "புன்னைக்காயல் சலேத்து." அப்பா ரசத்துக்குச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பெரியப்பா வந்ததும், "அண்ணே, அம்ம வாக்கு சொல்லிருக்கா. இவளப் படிக்க வைக்கணுமாம். என்னால மீற முடியாது" என்றார். கொடைக்கு முதல் ஆளாக நிற்கிற பெரியப்பா என்ன சொல்வார்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என்னைச் சேர்க்கப் போகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் பவுல் சாமி சொன்னதை இசக்கியம்மை சொன்னதாக நினைத்து அம்மா நேற்றிலிருந்து விளக்கை அணையவிடவில்லை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் எப்படிப் படிப்பது? சொன்னால் படிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. உடனே பதில் எழுது.

செல்வி


புன்னைக்காயல்,
30.5.2025

என் தங்கச்சிக்கு,

நீ அழுதுகொண்டு எழுதியிருப்பாய். நாங்கள் இங்கே சிரித்து மாளவில்லை. மாமியாரும் என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டு நம் அம்மாவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாயைத் திறக்காதே. முதலில் பள்ளியில் சேர். பொய் நீ சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதற்குத் தைரியம் மட்டும் இருந்தால் போதாதடி, கேட்கிற ஆளும் வேண்டும். அன்றைக்கு நான் உன்னிடம்கூடச் சொல்லாமல் வந்ததற்கு அதுதான் காரணம். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பியிருந்தால் உன்னையும் சேர்த்து அடித்திருப்பார்கள்.

'நாங்கதான் விட்டுட்டோமா' என்று அம்மா கேட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முத்துக்கனி


ஆத்தூர்,
9.6.2025

அன்புள்ள அக்கா,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. மன்னித்துவிடு.

இன்று காலை அப்பாவும் நானும் நீ படித்த மேல்நிலைப் பள்ளிக்கு நடந்து போனோம். அப்பா சலவை வேட்டி கட்டியிருந்தார். பள்ளிக்கூட வாசல் தெரிந்ததும் நான் நின்றுவிட்டேன். உள்ளே போய்விட்டால் அப்புறம் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது.

"எப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அக்கா வீட்டுக்கு வந்தது இசக்கியம்மை இல்லப்பா. அவங்க ஊர் கோயில் சாமியாரு."

அப்பா நிற்கக்கூட இல்லை. "பவுல் சாமி. காப்பித்தூள் நம்ம கடையிலதான் வாங்குதாவ."

"ஒங்களுக்குத் தெரியுமா!"

"ஏளா, நாம் பொறந்ததுல இருந்து புன்னைக்காயல் ஆளுவகூட யாவாரம் பண்ணுதேன். அவங்க சாமின்னா யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏம்ப்பா பெரியப்பாட்ட அப்படிச் சொன்னிய?"

"நா சொன்னா உங்க பெரியப்பன் ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பாரு. சாமி சொன்னா கேக்க மாட்டாருல்லா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒங்கம்மைட்ட இத உளறிவைக்காத. இப்பத்தான் சரியா ஒறங்குதா" என்றார்.

தலைமையாசிரியை சண்முகத்தாய் டீச்சர் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார். நான் உயிரியல் என்றேன். பிறகு அப்பாவைப் பார்த்தார். "இவ அக்கா முத்துக்கனி இங்கதான படிச்சா? கெட்டிக்காரப் பிள்ளையாச்சே. இப்ப எங்க இருக்கா?"

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீட்டில் 'போயிட்டா' என்ற ஒரு சொல்தான். பெரியப்பா சொல்வது அதைவிட மோசம். அப்பா துண்டை எடுத்து மடியில் வைத்தார். மறுபடி தோளில் போட்டார்.

"புன்னைக்காயல்ல கெட்டிக் குடுத்திருக்கோம்" என்றார்.

கெட்டிக் குடுத்திருக்கோம், அக்கா! நான் சரியாகத்தான் கேட்டேன். இலக்கணப்படிப் பார்த்தால் அந்த வினைக்கு எழுவாய் 'நாங்கள்'. யாரும் கொடுக்கவில்லை, நீயாகப் போனாய். ஆனால் திருத்த எனக்குத் தோன்றவில்லை.

"நல்லா இருக்காளா?" என்று டீச்சர் கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நல்லா இருக்கா டீச்சர்" என்று நான் சொன்னேன்.

உன் தங்கை,
இ. இசக்கிசெல்வி என்று தப்பாக எழுதி அடித்துவிட்டேன்.
ரா. இசக்கிசெல்வி,
பதினொன்றாம் வகுப்பு