புகைக்கு ஈடாக நடப்பட்டு, மறுநாளே லோரியில் போன நானூறு கன்றுகள்

அனுப்புநர்
பா. விஜயன் (வயது 16, படிவம் நான்கு),
எண் 17, தாமான் மெலோர் இண்டா, கிள்ளான்.

பெறுநர்
திரு. யோகநாதன் அவர்கள்,
சுற்றுச்சூழல் அதிகாரி, ஷா ஆலம்.

பொருள்: கையுறை ஆலையின் புகையைக் குறைக்கவும், ஈடாக நட்ட மரங்கள் காணாமற்போனதை விசாரிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டுக்குப் பின்புறம் கையுறை ஆலையின் புகைபோக்கி ஓயாமல் புகைகிறது. என் தங்கை சந்திரகலாவுக்கு வயது ஏழு, இளைப்பு நோய். சென்ற மாதம் இருமுறை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். புகை படாத இடத்தில் வைக்கும்படி டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஐஸ்பெட்டி ஒன்றுதான். அதில் அவள் கொள்ளமாட்டாள்.

2. குடியிருப்பாளர்கள் முறையிட்டபின், புகையைப் பாதியாக்குவதாகவும் மீதிக்கு ஈடாக மரம் நடுவதாகவும் ஆலை எழுதிக்கொடுத்தது. ஜூன் மாத விழாவில் எங்கள் பள்ளி மாணவர்கள் 400 கன்றுகள் நட்டோம். தாங்களும் ஒன்று நட்டீர்கள். வேரைச் சுற்றிய கறுப்புப் பையைக் கிழிக்காமல் குழியில் வைக்கச் சொன்னார்கள். மரம் நடத் தெரியாதவர்கள் என்று சிரித்தோம். சும்மா இருக்கத் தெரியாத நான், பைகளில் மார்க்கர் பேனாவால் வகுப்புத் தோழர்களின் பெயர்களை எழுதினேன். ஒன்றில் தங்கையின் பெயர். அது அவளுக்காகப் புகையைத் தின்னும் என்று அவளிடம் சொல்லியும் வைத்தேன்.

3. மறுநாள் காலை லோரி வந்தது. கன்றுகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் கன்னையா அண்ணனிடம் கேட்டேன். "வாடகைக் கன்னு லா தம்பி. அடுத்து ஸ்ரீ கெம்பாங்கான்ல நடணும். பையக் கிழிச்சிடாத, பாஸ் ஏசுவாரு" என்றார். பத்து நாள் கழித்து அவ்வூர் ஆலை விழாவின் படம் நாளிதழில் வந்தது. பையில் 'சந்திரகலா' என்பது தெளிவாகத் தெரிகிறது. நறுக்கை இணைத்துள்ளேன். ஒரே கன்று இரண்டு ஆலைகளுக்கு ஓவர்டைம் பார்க்கிறது. இங்கே புகை ஒரு பிடிகூடக் குறையவில்லை.

4. அப்பா அதே ஆலையில் கொதிகலனுக்கு விறகு தள்ளுகிறார். ஆகவே ஆலையை மூடச் சொல்லவில்லை. இம்மனு அவருக்குத் தெரியாது.

5. தன் மரம் எவ்வளவு வளர்ந்தது என்று தங்கை தினமும் கேட்கிறாள். முழங்கால் வரை என்றேன், பிறகு இடுப்பு வரை என்றேன். வளர்வது என் பொய் மட்டுமே. நான் சொன்ன பொய்களில் எனக்கே சிரிப்பு வராதது இதுதான்.

6. முதலில் புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்தச் செய்யுங்கள். மிச்சப் புகைக்குப் பையில்லாத மரங்களை நடட்டும். பெரியவர்கள் அனுப்பிய மூன்று மனுக்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் வரும் என்று நான் நம்பவில்லை. அவளுக்கு மூச்சு முட்டும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

விசாரிக்க வருவதானால், தயவுசெய்து ஆலைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். சொன்னால், அந்த ஒரு நாளைக்கு மட்டும் மரங்கள் திரும்பி வந்துவிடும்.

இடம்: கிள்ளான்
நாள்: 19.8.1994

பணிவுடன்,
பா. விஜயன்