பாஸ் மீனும் பகல் வேலையும்

ஜூன் 14, சனி

விடிந்ததிலிருந்து தூறல். உடுப்புத் தோய்த்து மடித்தாயிற்று. பின்னேரம் இவரோடு தூண்டில் கடை.

இதற்குள் எப்படி மாட்டுப்பட்டேன் என்று எழுதி வைக்க வேண்டும், பிறகு நானே நம்பமாட்டேன். ஞானம் அண்ணை எட்மன்டனுக்கு, மகளோடு இருக்கப் போய்விட்டார். இவருக்கு மீன்பிடிக்க இருந்த ஒரே கூட்டாளி. வாற சனி பாஸ் மீன் பிடிக்க அரசாங்கம் திறந்துவிடுகிற முதல் நாள். கார் இருக்கிறது, ஆறு இருக்கிறது, கூடப் போக ஆள் இல்லை. ஒரு கிழமையாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். பார்க்கச் சகிக்காமல் வாயை விட்டேன், "நான் வரட்டே?" என்று. மறுநாளே மீன்பிடி லைசென்ஸ் எடுத்துத் தந்துவிட்டார் மனுசன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க றொட், தூண்டில் தடி. என்னைக் கண்டதும் கடைக்காரர் ரோசாப்பூ நிறத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "லேடீஸ் மொடல்." பிடித்துப் பார்த்தேன். எங்கள் வீடு கூட்டுகிற தும்புத்தடி அதைவிட வளையும். இவர் ஏழடி எடு என்றார். நான் ஆறரை. ஆற்றங்கரையில் மரம் இருக்கும் என்று தெரியாதா இவருக்கு? சாம்பல் நிறம், தக்கைப் பிடி, நுனி மட்டும் வளைகிறது. கையில் எடுத்தவுடன் பிடித்துப்போயிற்று.

பிறகு லூர். பொய் இரை. இவரும் ஞா. அண்ணையும் இத்தனை வருடமும் மண்புழுதான். புழுவை நான் தொடமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். லூர் தொங்கும் பக்கம் தோடு விற்கிற கடை மாதிரி. மினுக்கம், இறகு, மணி.

"உந்த மீன் என்னத்தைத் தின்னும்?" என்று கேட்டேன்.

"ஏன், சமைச்சே குடுக்கப் போறீர்?" என்றார் இவர்.

முதியோர் இல்லக் குசினியில் வேலை செய்கிறவள் முதலில் அதைத்தான் கேட்பாள். கல்லுக்குக் கீழே ஒளிக்கிற சின்ன இறால் என்றார் கடைக்காரர். அப்படியென்றால் எனக்கு மண்ணிற றப்பரில், மீசை மீசையாகத் தொங்குகிற அது. இவர் எடுத்தது வெள்ளித் தகடு சுழல்கிற ஒன்று. வடிவாக இருக்கிறதாம்.

இரவு மகள் ஒட்டாவாவிலிருந்து போன்.

"அம்மா, சீரியஸ்லி? அப்பாவோடையோ? ஹோல் டே?"

"ஓம்."

"ரெண்டு பேரும் என்ன கதைப்பீங்கள்?"

சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். காற்று. மோர்னிங்சைட் பூங்காவில், புல்வெளியில் தூண்டில் எறிந்து பழகல். கொளுக்கியைக் கழற்றிவிட்டுத்தான்.

பயங்கரம். முதல் எறி காலடியில். அடுத்தது பின்பக்கம், இவருடைய தொப்பியில். பிறகு எல்லாம் இடப்பக்கத்து மேப்பிள் மரத்துக்கு. எங்கே பார்த்து எறிந்தாலும் அந்த மரத்துக்குத்தான்.

"விரலை நேரத்துக்கு விடும்."

"விடுறன்தானே."

"பிந்தி விடுறீர்."

"அப்ப நீங்களே எறியுங்கோ."

நடக்க வந்த இரண்டு அன்ரிமார் நின்று பார்த்தார்கள். "உங்கை பார், புல்லிலை மீன் பிடிக்கினம்." எங்களைத் தமிழ் விளங்காதவர்கள் என்று நினைத்திருப்பார்கள். இவர் திரும்பி "இண்டைக்கு ஒண்டும் படேல்லை அக்கா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் பகிடி விடுவார் என்பதே மறந்துபோயிருந்தது.

தோள்மூட்டு நோ. சித்தாலேப களிம்பு தடவிப் படுக்கை.

ஜூன் 17, செவ்வாய்

வெக்கை. வேலையில் கீரை சூப், ஒருவரும் தொடவில்லை.

இரவு சாப்பிடும்போது இவர் சொன்னார். இவர் வேலை செய்கிற, பாண் சுடுகிற ஃபக்டரியில் இரவு ஷிப்டைத் திரும்பத் தொடங்குகிறார்களாம். பழைய ஆட்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூட. திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லுறீர்?"

"உங்கடை விருப்பம்."

இதுதான் நான் எப்போதும் சொல்வது. வாயில் தானாக வரும்.

எனக்கு விருப்பமில்லை. இதில் மட்டும் எழுதுகிறேன். பிள்ளை பிறந்த காலம் தொட்டு இவர் இரவு, நான் பகல். பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்க வசதியில்லை, அதற்காகத் தொடங்கியது. அவள் படித்து வேலைக்கே போய்விட்டாள், நாங்கள் மாறவில்லை. இவர் வந்து படுக்க நான் எழும்பிப் போவேன்; லீவு நாளிலும் இவருக்கு இரவில் நித்திரை வராது. கதைக்கிறதெல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டிய துண்டில். "பால் முடிஞ்சுது." "கறி கீழ்த் தட்டில்." இந்தத் தை மாதம்தான் இரவு ஷிப்டை மூடி இவரைப் பகலுக்கு மாற்றினார்கள். முதல் மாதம் ஒரே கரைச்சல். இவர் குறட்டை விடுவார் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். இப்போது குறட்டை இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

ஆனால் இவருக்கு என்ன விருப்பம்? பகலில் வீட்டில் நிற்பது அலுப்பாக இருக்குமோ? கேட்கவில்லை. இவராகவும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மப்பு வானம். நாளைக்கு வெயில் என்கிறார்கள்.

வெள்ளி என்றபடியால் மரக்கறி. நாளைக்குக் கொண்டுபோக:
மீன் பற்றிஸ் (விரதம் முடிந்த பிறகு, விடியப் பொரிக்க)
சம்பல் சான்விச்
தேத்தண்ணி, பெரிய போத்தல்
நுளம்பு கடிக்காமல் பூசுவது
இவருடைய பிரஷர் குளிசை

இவர் ஹோலில் இருந்துகொண்டு என் றீலுக்கு நூல் சுற்றித் தந்தார். இரண்டு தரம் சுற்றி, பிடிக்காமல் கழற்றி, திரும்பச் சுற்றினார். ஷிப்ட் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை.

நாளைக்கு ஒரு மீனாவது நான் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த முறை கூட்டிப்போகமாட்டார். அடுத்த முறை என்று ஒன்று இருந்தால்.

ஜூன் 21, சனி

விடிய வெளிக்கிட்டோம். கதவு பூட்டும்போது பக்கத்து வீட்டு செல்வி அக்கா, குப்பை வைக்க வந்தவ, "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்றா. போச்சு. காரியமாகப் போகிறவர்களை "எங்கை" என்று கேட்கலாமா? "தூரமோ" என்றல்லவா கேட்க வேண்டும். கனடாவில், மல்வேர்னில் இத்தனை வருடம் இருந்தும் இவருக்கு அந்தச் சகுனம் பார்க்கிறது போகவில்லை. திரும்பி உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து வெளிக்கிட்டோம். செல்வி அக்கா அதுவரை குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றா, பாவம்.

ஒட்டனபி ஆறு. பீற்றர்பரோ தாண்டி. தெளிந்த தண்ணீர், அடியில் கல். கரை முழுக்க ஆட்கள், எங்களுக்கு ஒரு வளைவில் இடம் கிடைத்தது.

இவர் எறிந்தால் அழகாகப் போகிறது. நான் எறிந்தால் மரம். நூலை வெட்டி, வேறு லூர் கட்டி, திரும்ப எறிந்து, திரும்ப மரம். றப்பர் இறால் மூன்று போயிற்று. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியாதா. அழுகை வரப்பார்த்தது, மெய்யாகவே. ஐம்பது வயதில் ஒரு றப்பர் துண்டுக்கு.

பிறகு வாத்துகள். பெரிய கனடா வாத்து ஐந்தாறு, சாப்பாட்டுப் பையைக் குறி வைத்து, சீறிக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த பற்றிஸை வீசி எறிந்தேன். அது ஆற்றுக்கு மேலால் பறந்து, நடுவில் போய் விழுந்தது. வாத்து முழுக்க அதற்குப் பின்னால்.

இவர் றொட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேர். நீர் இடக்கையோ?"

என் கையைப் பார்த்தேன். ஓம், இடக்கைதான்.

சாப்பிடுவது, எழுதுவது, திருநீறு பூசுவது, காசு கொடுப்பது, எல்லாம் வலக்கை. அப்படித்தான் பழக்கினார்கள், அடித்துத்தான். ஆனால் கத்தி பிடிப்பது இடக்கையில். வேலையிலும் அப்படியே, வீட்டிலும் அப்படியே. றொட் ஒரு புதுச் சாமான், மரியாதையாக வலக்கையில் பிடிக்க வேண்டும் என்று ஆர் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே.

"இவ்வளவு காலமும் நான் காணேல்லையே," என்றார்.

"காண எங்கை நேரம்? நான் சமைக்கேக்கை நீங்கள் நித்திரை."

இவர் என் றீலை வாங்கினார். நூல் சுற்றுகிற கைபிடியைச் சுழற்றிக் கழற்றி, மற்றப் பக்கத்தால் பூட்டி, றொட்டை இடக்கையில் தந்தார். அவ்வளவுதான் வேலை.

எறிந்தேன். போயிற்று! நேராக, தூரமாக, நினைத்த இடத்தில். திரும்பவும். திரும்பவும். இவர் தன்னுடையதை மறந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்ல இழுக்க வேண்டும், இறால் கல்லில் ஊர்வது போல. டிக் டிக் என்று கல் தட்டுவது கையில் தெரியும். பிறகு ஒரு டிக், அது கல் இல்லை. இழுத்தேன். ஆற்றுக்கு வெளியே பாய்ந்தது ஒரு மண்ணிற மீன், தலையை ஒரு உதறு, லூர் பறந்து எங்கள் காலடியில். மீன் போயிற்று.

நான் கத்தினேன். இவர் என்னைவிடக் கத்தினார். "பாத்தீரே? பாத்தீரே? எவ்வளவு பெரிசு!" அக்கம்பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இப்படிச் சிரித்து இவரை நான் கண்டதில்லை, கலியாண அல்பத்திலும் இல்லை.

பிறகு ஒன்று மெய்யாகவே வந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பின்னேரம் இன்னொன்று. இவருடைய வெள்ளித் தகட்டை ஒரு மீனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "மீனுக்குத் தோடு பிடிக்கேல்லைப் போல," என்றேன். காரில் வரும் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சந்தோசம். வேறு சொல் தேடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல வெக்கை, யன்னல் எல்லாம் திறப்பு. மீன் குழம்பு, பழப்புளி கொஞ்சம் தூக்கல். பாஸ் மீனின் சதை வெள்ளை, இறுக்கம், முள் குறைவு. இவர் குசினிக் கதவில் சாய்ந்து நின்று நான் படபடவென்று வெங்காயம் வெட்டுவதைப் பார்த்தார். "எவ்வளவு கெதி," என்றார். கூச்சமாக இருந்தது.

சாப்பிட்டு முடிய, கோப்பையைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"இரவு வேலைக்குப் போக வேண்டாம்."

பைப்பைப் பூட்டினேன்.

"நான் நிண்டா உமக்குக் கரைச்சலெண்டு நினைச்சன்," என்றார். "உம்மடை பாட்டிலை, உம்மடை வீடெண்டு பழகினனீர். நான் வந்து ரிவியைப் போட்டுக்கொண்டு, குறட்டையும் விட்டுக்கொண்டு. உங்கடை விருப்பமெண்டு நீர் சொல்ல, போகச் சொல்லுறீரெண்டுதான் எனக்குப் பட்டது."

"போகச் சொல்லேல்லை."

"அப்ப அதைச் சொல்லுறதுக்கென்ன?"

"இப்ப சொல்லுறன்தானே!"

கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார், போனை எடுத்தார், அந்த இடத்திலேயே நின்று சூப்பவைசருக்கு அடித்தார். ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார்கள் என்றேன், கேட்கவில்லை. மெசேஜ் மெஷின். தொண்டையைச் செருமி, தன் பெயரைச் சொல்லி, ஃபக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி:

"நோ நைட்ஸ், சேர். வைஃப் சேஸ் நோ."