எண்பத்தொன்றாவது ஆள்

அன்புள்ள மார்னிக்கு, அம்மா எழுதுவது.

அலாஸ்காக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை நம் கட்சிக் கூட்டம் உன் பழைய பள்ளி ஜிம்மில் நடந்தது, வழக்கம்போல நான்தான் தலைவி. ஜனாதிபதி வேட்பாளராக யார் வர வேண்டுமென்று நினைக்கிறார்களோ அவருக்கான மூலையில் போய் நின்றார்கள், உன் அப்பா ஒரு மூலை, நான் எதிர் மூலை, அது உனக்குத் தெரிந்த கதைதான், மூன்றாவது மூலையில் வேறு சிலர். அவர் மூலையில் பன்னிரண்டு பேர். வருகிறவர்கள் பெயர் எழுதும் வாசல் தாளின்படி மொத்தம் எண்பத்தொன்று. நூற்றுக்குப் பதினைந்து பேராவது நின்றால்தான் அந்த மூலையிலிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்பலாம், பின்னம் வந்தால் மேலே ஏற்ற வேண்டும், ஆகப் பதின்மூன்று பேர் வேண்டும். ஒரே ஒரு ஆள் குறைவு! அப்பா ஜிம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆர்டித், நாலு எட்டு நடந்து வாயேன், குறைஞ்சா போயிடுவ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போகவில்லை. அவர் மூலை கலைந்தது, முக்கால்வாசிப் பேர் என் பக்கம் வந்து எங்களுக்கு ஒரு பிரதிநிதி கூடுதலாகக் கிடைத்தது. அவர் யார் பக்கமும் வராமல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். இந்த முறையாவது மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக வேண்டுமென்று எவ்வளவு ஆசைப்பட்டார் தெரியுமா.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை, செவ்வாய்க்கிழமை அவருக்குப் பிடித்த சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் செய்து வைத்தேன், தின்றுவிட்டு எழுந்து போனார். இதற்கு நடுவே இன்னொரு உறுத்தல். மூன்று மூலையையும் கூட்டினால் அன்றைக்கே எண்பதுதான் வந்தது, பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் வண்டியைச் சூடாக்க வெளியே போயிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன், போனவரும் மொத்தத்தில் சேர்த்திதான். நேற்று அவரைக் கடையில் பார்த்துக் கேட்டால், "நான் எங்க போனேன், உன் பின்னாடிதானே நின்னேன், எண்ணறப்ப நானும் கை தூக்கினேனே" என்கிறார். வீட்டுக்கு ஓடிவந்து வாசல் தாளைப் பிரித்தேன். ஐயோ மார்னி, முதல் வரியிலும் என் பெயர், கடைசி வரியிலும் என் பெயர்! கதவைத் திறந்ததும் ஒரு முறை, சாத்தும்போது தலைவி என்று இன்னொரு முறை. எண்பது பேருக்குப் பன்னிரண்டே போதும், அப்பா மூலை கலைந்திருக்கவே வேண்டாம். வேண்டுமென்றே செய்தாள் என்று ஊர் சொல்லாதா? பதினாறு வருடமாகத் தலைவி, எந்த முகத்தோடு இனி அந்த ஜிம்முக்குப் போவேன்? காலையில் கட்சி அலுவலகத்துக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன், தாளோடு வரச் சொன்னார்கள், திருத்துவார்களா தெரியாது. பிறகு அப்பாவிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு பெயரையும் வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கு ரெண்டு ஆர்டித் இருந்திருக்கீங்க. ஒருத்தியையாவது என் மூலைக்கு அனுப்பியிருக்கலாம்ல?" என்றார். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

நீ அவருக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான் எழுதியதாகச் சொல்லாதே. பனி டயர் மாற்றினாயா? பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், எல்லாரும் குறைவில்லாமல் இருங்கள்.

உன் அம்மா,
ஆர்டித்
(ஒரு முறைதான் போட்டிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்.)